துவரங்காட்டில் கடல் கசிந்த வரலாறு

மலைநாட்டைப் படைத்தபோது இறைவன் ஒரு பெரும் பிழை செய்துவிட்டான். அருவி வைத்தான், பனி வைத்தான், அட்டை வைத்தான், தேயிலைக்குச் சரிவும் வைத்தான். கடலை மட்டும் வைக்க மறந்து, அதைக் கொண்டுபோய்க் கரையோர மாவட்டங்களில் வீணடித்துவிட்டான். யார் கண்ணிலும் படாமல் கிடந்த இந்தக் குறையைக் கண்டுபிடித்து நிவர்த்தி செய்த பெருமை, ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் வழியில் உள்ள கிளென்டோவர் தோட்ட நிர்வாகத்தையே சேரும். கம்பெனிக் காகிதத்தில் அது கிளென்டோவர். ஜனங்களின் வாயில் துவரங்காடு.

வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த பழைய பங்களாவைக் கம்பெனி சுற்றுலா விடுதியாக மாற்றியிருந்தது. சிவனொளிபாதமலை ஏறி இறங்கி, முழங்கால் வலியோடு வரும் வெளிநாட்டார் அங்கே தங்கினார்கள். அவர்களுக்கு மன அமைதி வழங்கும் வழியை ஆராயக் கொழும்பிலிருந்து நிலக்ஷி என்ற ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் ஓர் 'அனுபவ வடிவமைப்பாளர்'. வரவேற்பறை யன்னலைத் திறந்து மலையையும் மேகத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க பார்க்கிறதுக்கு ஒன்னுமே இல்லையே" என்று வருந்தினார். பிறகு 'நீலத் தியானம்' என்ற முறையைப் பரிந்துரைத்தார். கடலுக்கு முன்னால் நாற்காலி போட்டு, வலி மறக்கும்வரை உட்கார்ந்திருப்பதே அதன் செய்முறை.

ஆகவே கடல் வந்தது. கண்ணாடித் தொட்டியாக லொறியில் வந்தது. அதன் உப்பு மூட்டையில் வந்தது. அதன் மீன்கள் பொலித்தீன் பைகளில், காற்று ஊதிக் கட்டப்பட்டு, கினிகத்தேனை வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி வந்தன. கடற்கரை நகரங்களில் பிறந்து வளர்ந்து, மலை பார்க்கவென்றே விமானம் ஏறிவந்தவர்கள், மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடல் பார்த்தார்கள்.

கடல் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் அதிகாரி வேண்டும். விடுதியில் வரவேற்பாளராக இருந்த விஜிதரனைத் துரை கூப்பிட்டார். துரை என்றால் தோட்டத்து மேனேஜர். விடுதியும் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டதே.

"கடலப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் சேர். ஸ்கூல்ல திருகோணமலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

"எறங்கினியா?"

"முழங்கால் வரைக்கும் சேர்."

"போதும். நம்ம கடல் அதுக்கு மேல ஆழமில்ல."

இப்படியாக விஜிதரன் 'கடல்சார் அலுவலர்' ஆனான். சட்டையில் அந்தப் பெயர் பொறித்த வில்லையும் கழுத்தில் நீல டையும் ஏறின. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் பங்களாவின் முன்வாசலால் நுழைவதே பெரிய காரியம். அவன் டையோடு நுழைந்தான். லயத்தில் அவனுக்குப் பக்கத்துக் காம்பிராவில், அதாவது அடுத்த அறையில், இருந்த ராசம்மா, முறைக்குச் சின்னம்மா, பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள்: "எங்க புள்ள கடலுக்கே கண்டாக்கு ஆயிட்டான்." கண்டாக்கு என்றால் தோட்டத்து வேலையை மேற்பார்வை செய்பவர்.

ராசம்மாவுக்கு வேலை பங்களாவுக்கு நேர் கீழே இருந்த தேயிலை நர்சரியில். பைகளில் மண் நிரப்புவதும், தண்டு நடுவதும், பூவாளியில் தண்ணீர் ஊற்றுவதும் அவள் பொறுப்பு.

கடலின் குடல்கள் வரவேற்பறைத் தரைக்கு அடியில் இருந்தன. முன்பு துரைமார் போத்தல்களைப் பாதுகாத்த நிலவறையில் இப்போது மோட்டாரும் வடிகட்டித் தொட்டியும் வெள்ளைக் குழாய்களும் இருந்தன. ஒரு நாள் காலையில் அங்கே இறங்கிய விஜிதரன், குழாய்கள் சேரும் ஒரு மூட்டில் வெள்ளையாக எதுவோ பூத்திருப்பதைக் கண்டான். உப்பை அளக்கும் கருவி ஒன்று கடலோடு சேர்ந்து வந்திருந்தது. விலை கூடியது என்பதால் துரையின் கண்ணாடி அலமாரியில் அது பூட்டிவைக்கப்பட்டிருந்தது. ஆகவே அவன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. மூட்டின் அடியில் ஒரு சொட்டு திரண்டது, சற்று யோசித்தது, விழுந்தது. அடுத்த சொட்டும் அதே நிதானத்தோடு திரளத் தொடங்கியது.

அவன் அறிவித்தான். அவசரக் கூட்டம் அடுத்த வாரமே கூடியது. துரை தலைமை வகித்தார். தேயிலை மலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கையா பழனியாண்டி, எந்தக் கூட்டம் என்றாலும் வருவார் என்பதால் வந்திருந்தார். நிலக்ஷி கணினித் திரையில் தோன்றினார்.

"ஒழுகுது சேர்" என்றான் விஜிதரன்.

துரை வாசலை எட்டிப் பார்த்தார். "அந்த வார்த்த வேணாம். வெளிநாட்டுக்காரங்க இருக்காங்க."

"அவுங்களுக்குத் தமிழ் தெரியாதுங்களே சேர்."

"ஒம் மொகத்தப் பாத்தாத் தெரிஞ்சிரும். சரி, எங்க?"

"யூனியன்ல சேர்."

துரையின் முகம் வெளுத்தது. "இதுல யூனியன் எதுக்கு வருது? அவுங்களுக்கு யாரு சொன்னது?"

"அது தொழிற்சங்கமில்ல சேர். ரெண்டு குழாயச் சேக்குற மூட்டு. அதுக்குப் பேரு யூனியன்."

"எந்த யூனியனா இருந்தாலும் இறுக்கிப் பிடிச்சாச் சரியாயிரும் தொரை" என்று கண்டாக்கையா தம் நீண்ட அனுபவத்திலிருந்து சொன்னார்.

நிலக்ஷி திரையிலிருந்து குறுக்கிட்டார். "தொட்டியில தண்ணி மட்டம் குறைஞ்சிருக்கா?"

"இல்ல மெடம். ஆனா அது எப்பிடின்னா, மட்டம் எறங்குனா மிதவையும் எறங்கும். ஊத்துத் தண்ணிக் குழாய் தன்னால தொறந்து நெரப்பிரும். அதனால..."

"குறையல தானே?"

"கொறையல. ஆனா..."

"குறையாம எப்படி ஒழுகும்?"

இந்தக் கேள்வியின் ஆழத்தில் கூட்டம் சற்று நேரம் மூழ்கிக் கிடந்தது. முடிவில் இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. ஒன்று: 'ஒழுக்கு', 'கசிவு' ஆகிய சொற்களுக்குப் பதிலாக 'ஈரப்பத வெளிப்பாடு' என்ற சொல்லைப் பயன்படுத்துவது. இரண்டு: அப்படி ஒன்று இல்லை. கடல்சார் அலுவலரின் விழிப்புணர்வு பாராட்டப்பட்டது. இனி அவ்வளவு விழிப்பு தேவையில்லை என்றும் அவனுக்குச் சொல்லப்பட்டது.

விஜிதரன் டையைத் தடவிக்கொண்டான். அவனுக்கு விஷயம் விளங்காமல் இல்லை. போவது உப்புத் தண்ணீர், வருவது மலைத் தண்ணீர். மட்டம் அப்படியே நிற்கும், உப்பு மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆறாகிக்கொண்டிருந்தது. உப்புப் போடலாம் என்றால் மூட்டை ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. அதை எடுக்கக் காரணம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இருந்த ஒரே காரணம் தடைசெய்யப்பட்ட சொல்லாக இருந்தது.

மீன்களுக்குத் தீர்மானம் தெரியாது. வெள்ளைப் பட்டை போட்ட செம்மீன், ஒப்பிஸ் வாசலில் நிற்கும் ஆளைப் போல ஒரு மூலையில் ஒதுங்கியது. மஞ்சள் மீன் தீனியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாவது கூட்டத்தில் நிலக்ஷி நோயைக் கண்டுபிடித்தார்: மன அழுத்தம். உடனே மீன்களுக்கு வீணை இசை வழங்கப்பட்டது. தொட்டியைக் கடக்கும் பணியாளர்கள் புன்னகைத்தபடி கடக்க வேண்டும் என்று உத்தரவானது. கோழி கழுவிய கையோடு சமையலறையிலிருந்து ஓடுபவர்கள்கூட அந்த இடத்தில் நின்று, பல்லைக் காட்டிவிட்டு ஓடினார்கள். மஞ்சள் மீன் அதற்கும் மசியவில்லை.

இதற்கிடையே, வெளிப்படாத அந்த ஈரப்பதம் நிலவறைத் தரையில் ஊர்ந்து, பழைய கல் வடிகானில் இறங்கி, சரிவு காட்டிய வழியே நடந்து நர்சரியை அடைந்தது. மழையில்லாத மாதம். அலசிக்கொண்டு போக ஒன்றும் இல்லை. ஓரத்து வரிசைக் கன்றுகள் முதலில் இலை நுனியில் கருகின. பிறகு முழுவதும் கருகின. மண்மேல் வெள்ளை பூத்தது.

கண்டாக்கையா பழனியாண்டி குனிந்து பார்த்தார். மேலே வடிகான் இருந்தது. அதற்கும் மேலே பங்களா இருந்தது. தம் மேலதிகாரிகள் இருக்கும் திசையில் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஆகவே அவர் கீழேயும் பக்கவாட்டிலும் மட்டும் ஆராய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் சந்தையிலிருந்து ராசம்மா கருவாடு வாங்கி வந்தது அவருக்கு நினைவு வந்தது. கருவாட்டில் உப்பு உண்டு. மண்ணில் உப்பு உண்டு. நர்சரிக் குழாயடியில் ராசம்மா உண்டு. வழக்கு முடிந்தது.

ராசம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணை முடியும்வரை அவளுக்குப் பேர் விழாது என்றார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். விசாரணையில் குற்றம் உறுதியானால் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டிலிருந்தே பேரை வெட்டிவிடுவார்கள்.

விஜிதரன் வேலை முடிந்து வந்தபோது அவள் மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"குழாயடியில கருவாடு கழுவுனீங்களா சின்னம்மா?"

"கழுவுனா உப்பு போயிராதா? அப்பறம் கொழம்புக்கு எதப் போடுறது? எங்க வீட்டுல கருவாட்டக் குளிப்பாட்டுற வழக்கமே இல்ல." பிறகு குரல் இறங்கியது. "அந்தக் கன்னுங்க எல்லாம் நான் பை பையா மண்ணு நெரப்பி வச்சது தம்பி. பட்டுப்போச்சேன்னு எனக்கும்தான் வயிறெரியுது. ஏன் கருகுச்சுன்னு யாருமே கேக்கல. யாரு கருக்குனதுன்னுதான் கேக்குறாங்க."

மறுநாள் காலையில் நிலவறையிலிருந்து வடிகானைப் பிடித்துக்கொண்டே நடந்தான். வெள்ளைக் கோடு அவனை நேரே கருகிய வரிசைக்கு அழைத்துப் போய் விட்டது. இனி விளங்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை.

அன்றே பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனான். எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று அழைக்கும் பைஸரின் குழாய்ச் சாமான் கடையில் கூட்டமில்லை. விஜிதரன் அந்தக் குழாய் மூட்டைப் போனில் படம் எடுத்து வந்திருந்தான். பைஸர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"இந்த வெள்ள என்ன தம்பி?"

"உப்பு நானா. கடல் தண்ணி."

"துவரங்காட்டிலயா?"

"ஆமா."

பைஸர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கி அவனைப் பார்த்தார். பிறகு, மலைநாட்டில் கடை வைத்திருப்பவனுக்கு எதுவும் நடக்கலாம் என்ற முடிவுக்கு வந்தவராக, ஒரு டப்பாவைக் கிளறினார். "யூனியனுக்குள்ளுக்கு ரப்பர் வளையம் ஒண்டு ஈக்கி. அது நெளிஞ்சி போயீக்கும், இல்லாட்டி அதுல உப்பு ஏறியீக்கும். கழட்டி, நல்லாக் கழுவி, புதுசப் போட்டு, கையால இறுக்குங்க. ஸ்பேனர் சாவி போட்டு முறுக்க வேணாம். முறுக்கினா வெடிச்சிடும்."

"அவ்வளவுதானா நானா?"

"அவ்வளவுதான். கழட்ட முந்தி மோட்டார நிப்பாட்டுங்க."

அங்கேதான் சிக்கல். மோட்டாரை நிறுத்தத் துரையின் அனுமதி வேண்டும். இல்லாத ஒன்றைச் சரிசெய்ய அனுமதி கேட்பது தீர்மானத்துக்கு முரண். யாருக்கும் தெரியாமல் நிறுத்தி மாட்டிவிடலாம். அதற்கு ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் போதும். ஆனால் மாட்டிவிட்டால் சொட்டு நின்றுவிடும், வடிகான் காய்ந்துவிடும். பிறகு அந்த உப்புக்கு உலகத்தில் ராசம்மாவின் கருவாட்டைத் தவிர வேறு உறவே இருக்காது.

ஆகவே ரப்பர் வளையம் அவன் காற்சட்டைப் பையிலேயே இருந்தது. விசாரணை நாள் வரை அவன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வீணை இசைக்கு நடுவே, பக்கவாட்டில் சாயத் தொடங்கியிருந்த மஞ்சள் மீனிடம் "கொஞ்சம் பொறுத்துக்க" என்று முணுமுணுத்தான். மீனுக்கு அறிவுரை வழங்குவதும் அவன் கடமைகளில் ஒன்று என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பங்களாவில் விருந்தினர் இருந்ததால் விசாரணை தொழிற்சாலையில், தேயிலை ருசி பார்க்கும் அறையில் நடந்தது. நீளமான மேசைமேல் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ராசம்மா சுவரோரம் நின்றாள். கண்டாக்கையா குற்றப் பத்திரிகையைச் செய்யுள் போல ராகம் போட்டு வாசித்தார். துரை தலையாட்டினார்.

"யாராவது ஏதாவது சொல்லணுமா?"

"நான் சொல்லணும் சேர்" என்றான் விஜிதரன். கொண்டுவந்த போத்தல்களைத் திறந்து மூன்று கோப்பைகளில் ஊற்றி வைத்தான். "இத நீங்க ருசி பாக்கணும் சேர்."

கண்டாக்கையா பதறினார். "தம்பி, உப்பிட்டவங்களுக்குத் துரோகம் செய்யலாமா?"

"உப்ப இட்டது யாருன்னுதான் ஐயா பாக்கப் போறோம்."

இந்த இடத்தில் துரையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கூட்டங்களில் அவர் எதையும் சொல்வார். ஆனால் கையில் ருசிக் கரண்டி வந்துவிட்டால் அவர் வேறு மனிதர். கொழும்பு ஏலத்தில் பெரிய பெரிய வியாபாரிகள் அந்த நாக்கை நம்பினார்கள். அது இதுவரை பொய் சொன்னதில்லை. சொல்ல அதற்குத் தெரியாது. முன்னால் கோப்பைகள் வரிசையாக இருப்பதைக் கண்டதும் அவர் கை தன்னால் கரண்டியை எடுத்தது.

முதல் கோப்பை. சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பினார். இரண்டாவது. உறிஞ்சினார், உருட்டினார், கண்ணை மூடினார், துப்பினார். மீண்டும் முதலாவதற்குப் போனார்.

"ரெண்டும் ஒரே தோட்டம்" என்றார்.

மூன்றாவதை உறிஞ்சியவர் உருட்டவில்லை. உடனே துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். "இது வேற. இது என்ன எழவு?"

"கருவாடு ஊறவச்ச தண்ணி சேர். சின்னம்மா வீட்டுக் கருவாடு."

"அப்ப அந்த ரெண்டு?"

"மொதல் கோப்ப நர்சரி வடிகான்ல எடுத்தது சேர். ரெண்டாவது பங்களா மீன் தொட்டியில எடுத்தது."

துரை கரண்டியைப் பார்த்தார். தன் வாயால் தானே தீர்ப்புச் சொல்லிவிட்டோம் என்பது மெதுவாக அவருக்கு உறைத்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் மறுத்திருப்பார். அந்த நாக்கை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் மனம் கசிந்தது என்றே சொல்லலாம். அந்தச் சொல்தான் தடைசெய்யப்பட்டிருந்தது.

நிலக்ஷிக்குப் போன் போட்டார்கள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, இது கசிவு அல்ல என்றும், கடல் தன் எல்லையை விரிவுபடுத்தியிருக்கிறது என்றும், அதுவும் ஓர் 'அனுபவம்'தான் என்றும் தெரிவித்தார். அதைக் காதில் வாங்காமலே துரை விஜிதரனிடம் கேட்டார்: "இதச் சரி பண்ண எவ்வளவு நாளாகும்?"

விஜிதரன் பையிலிருந்து வளையத்தை எடுத்துக் காட்டினான்.

மோட்டாரை நிறுத்தினார்கள். அவன் யூனியனைக் கழற்றி, உப்பைக் கழுவி, வளையத்தை மாட்டி, கையால் இறுக்கினான். கண்டாக்கையா சாவியோடு உதவிக்கு வந்தார். விஜிதரன் பணிவோடு மறுத்துவிட்டான். சொட்டு நின்றது. ஸ்டோர் திறந்தது. கண்ணாடி அலமாரியிலிருந்து கருவியும் விடுதலையானது. அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கரைத்து ஊற்ற, சில நாளில் செம்மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. மஞ்சள் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தே சிறிது காலம் வாழ்ந்து, பிறகு நிமிர்ந்தது. வீணை வாசித்ததால்தான் என்று விடுதியின் விளம்பரத்தில் போட்டார்கள்.

ராசம்மா மறுநாளே நர்சரிக்குப் போய்விட்டாள். கருகிய பைகளைக் கொட்டிவிட்டுப் புது மண் நிரப்பினாள். ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தை நிர்வாகம் சும்மா விடுமா? பங்களா முன்கூடத்தில் ஒரு சிறு வைபவம் ஏற்பாடானது. மும்மொழியிலும் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட மன்னிப்புப் பத்திரம் ஒன்று தயாராகியிருந்தது. அதைத் தட்டில் ஏந்தி நின்றவன் விஜிதரன். தோட்ட வரலாற்றில் ஒரு தொழிலாளியை நிர்வாகம் மன்னிப்பது இதுவே முதல் தடவை.

"ராசம்மா" என்றார் துரை, உணர்ச்சிவசப்பட்டு. "நிர்வாகம் ஒன்ன மன்னிச்சிருச்சு."

"எதுக்குங்க தொரை?"

துரை கண்டாக்கையாவைப் பார்த்தார். கண்டாக்கையா அவளை அதட்டினார். "பெரியவங்க குடுத்தா வாங்கிக்கணும். எதுக்குன்னு கேக்கக் கூடாது."

ராசம்மா கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள். சட்டத்தை எட்டிப் பார்த்தாள். தொடவில்லை.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இது எனக்கு வந்ததில்ல. தப்பு செஞ்சவங்க யாராச்சும் இருப்பாங்க, அவுங்ககிட்ட குடுத்திருங்க" என்று சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டு, வேலைக்கு இறங்கிப் போனாள்.

தட்டோடு நின்ற விஜிதரனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. துரையின் கட்டளைப்படி அவன் அந்தச் சட்டத்தைப் பங்களா மேசைமேல் வைத்தான். உரியவரைக் கண்டுபிடிக்க நிர்வாகம் முழு மூச்சாக விசாரித்தது. துரை முதல் கொழும்புத் தலைமை அலுவலகம் வரை எல்லோரையும் கேட்டார்கள். மன்னிப்புக்கு உரியவர் ஒருவர்கூட நிர்வாகத்தில் இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிவிட்டது. அத்தனை மாசற்ற நிர்வாகம். மன்னிப்பு இன்னும் அந்த மேசைமேல்தான் கிடக்கிறது.